ஹாங் அளவுகோலை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோகும்போது: கட்டளையிடுபவர் யார் என்பதே கேள்வி

கேள்வி இது: "உளவியலில் ரியாக்டன்ஸ் என்று சொல்லப்படும் எதிர்ப்புந்துதலை அளக்கும் ஹாங் வினாப்பட்டியலை, ரஷ்ய மொழி பேசுவோருக்காகத் தழுவ விரும்புகிறேன். இரண்டு பேர் தனித்தனியாக ரஷ்ய மொழியில் பெயர்த்தார்கள். மூன்றாமவர் மூலத்தைப் பார்க்காமல் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பினார். மூலத்தோடு நன்றாகப் பொருந்தியது. ஒரு கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் குரோன்பாக் ஆல்பாவும் (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) நன்றாகவே வந்தது. இவ்வளவு போதுமா?"

போதாது. செய்தது வீண் என்று சொல்லவில்லை. திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது, 1970இல் பிரிஸ்லின் எழுதியதிலிருந்து எல்லோரும் கடைப்பிடிக்கும் நல்ல வழக்கம்தான். மற்ற வினாப்பட்டியல்களுக்கு அது பாதி வேலை என்றால், இதற்குக் கால்வாசிகூட ஆகாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ரஷ்யர்களிடம் ஒரு வழக்கு உண்டு: "அம்மாவுக்கு வீம்பாக என் காதைக் குளிரில் விறைக்க விடுவேன்." தொப்பி போட்டுக்கொண்டு போ என்று அம்மா சொன்னாள் என்பதற்காகவே, உறைபனியில் வெறுந்தலையோடு வெளியே கிளம்பும் பிள்ளையின் பேச்சு அது. இன்னொன்றும் சொல்வார்கள்: "கண்டக்டருக்கு வீம்பாக டிக்கெட் வாங்கிக்கொண்டு நடந்தே போவேன்." எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் நமக்குத் தெரிந்தவன்தான். ஆனால் இரண்டுக்கும் இடையில் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. மூக்கை அறுத்துக்கொண்டவனுக்கு எதிரியின் மேல் பகை. அந்த ரஷ்யப் பிள்ளைக்கு அம்மாவின் மேல் பகை ஏதும் இல்லை, தொப்பியின் மேலும் வெறுப்பு இல்லை. யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் தானே போட்டுக்கொண்டிருப்பான். "போட்டுக்கொள்" என்ற சொல் வந்து விழுந்ததும், போடாமல் இருக்கும் உரிமை திடீரென்று அருமையானதாகிவிடுகிறது.

1966இல் அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் முன்வைத்த கோட்பாட்டின் கரு இதுதான். தனக்கு இருப்பதாக ஒருவர் நம்பும் சுதந்திரம் ஒன்று பறிபோகிறது, அல்லது பறிபோகும் போலிருக்கிறது என்று தோன்றும்போது, அதை மீட்டுக்கொள்ளும் உந்துதல் எழுகிறது. மறுக்கப்பட்ட பொருள் முன்பைவிடக் கவர்ச்சியாகத் தெரிகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மயாமியில் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளுக்குத் தடை வந்தபோது, தடையே இல்லாத டாம்பா நகரத்துப் பெண்களைவிட மயாமிப் பெண்கள் அந்தத் தூளின் திறனை உயர்த்தி மதிப்பிட்டார்கள். மேசிஸும் உடனிருந்தோரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு அது. தூளில் மாற்றம் இல்லை, மாறியது தடை மட்டும்தான்.

இந்த உந்துதல் எல்லோருக்கும் எழக்கூடியது, சிலருக்கு எளிதாகவும் அடிக்கடியும் எழுகிறது. ஆளுக்கு ஆள் மாறும் அந்த அளவைப் பிடிக்கத்தான் வினாப்பட்டியல்கள் வந்தன. இங்கேதான் உங்கள் வேலைக்கு மிகவும் தேவையான ஒரு செய்தி இருக்கிறது. நீங்கள் "மூலம்" என்று வைத்திருக்கும் ஆங்கில வாசகம் மூலம் அல்ல. முதலில் எழுதியவர் ஜெர்மனியில் மெர்ட்ஸ், 1983இல், ஜெர்மன் மொழியில், 18 கூற்றுகளோடு. அதை 1987இல் டக்கரும் பயர்ஸும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து பார்த்தபோது ஜெர்மனியில் கிடைத்த காரணி அமைப்பு, அதாவது எந்தக் கூற்றுகள் எந்தக் காரணியின் கீழ் ஒன்றாகத் திரள்கின்றன என்பது, அப்படியே கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹாங், பேஜுடன் சேர்ந்து 1989இல் 14 கூற்றுகளாகச் செதுக்கினார். 1996இல் ஃபேட்டாவுடன் சேர்ந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளை வைத்து 11 ஆகக் குறைத்தார். ஆக, ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்குப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. ஜெர்மன் வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஜெர்மன் தெரிந்த ஒருவர் இருந்தால் பாதிச் சிக்கல்கள் முதல் வாரத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

பெயரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ரியாக்டன்ஸ் என்பதற்கு ரஷ்ய மொழியில் "ரியக்தீவ்னயெ சப்ரதிவ்லேனியெ" என்று எழுதுகிறார்கள். மின்பொறியாளர் ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், மாறுமின்னோட்டத்துக்குச் சுருளும் மின்தேக்கியும் காட்டும் மறுப்பு என்று புரிந்துகொள்வார். பிழை அவருடையது அல்ல, மின்னியலில் அதுதான் அதன் பெயர். "சப்ரதிவ்லேனியெ" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது உளப்பகுப்பாய்வில் நோயாளி காட்டும் எதிர்ப்பு, அரசியலில் எதிர்ப்பு இயக்கம். "ரியக்தீவ்னஸ்த்" என்று சுருக்கினால் மனோபாவ ஆய்வுகளில் ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்துவிட்ட சொல்லோடு மோதும். விடையளிப்போர் கையில் போகும் தாளில் இந்தப் பெயர்களில் எதையும் அச்சிடாதீர்கள் என்பதே என் யோசனை. தலைப்பில் "அன்றாட முடிவுகள் பற்றிய கேள்விகள்" என்பதுபோல் ஏதாவது சாதுவாக இருக்கட்டும். தலைப்பிலேயே "எதிர்ப்பு" என்று போட்டுவிட்டு, கீழே "விதிகள் என்னுள் எதிர்ப்பைத் தூண்டுகின்றன" என்று கேட்டால், வருகிற விடை தலைப்புக்கான விடையாகத்தான் இருக்கும்.

கருத்தைப் பொறுத்தவரை ரஷ்ய உளவியல் வெறும் நிலம் அல்ல. சோவியத் உளவியலாளர் வீகோத்ஸ்கி மூன்று வயதுக் குழந்தையின் நெருக்கடியைப் பற்றிப் பேசும்போது, நாம் "அடம்" என்று ஒரே பையில் போட்டுவிடும் மூன்றைப் பிரித்துக் காட்டினார். ஒன்று எதிர்மறுப்பு: தனக்கே விருப்பமான காரியத்தைக்கூட, பெரியவர் சொன்னார் என்பதற்காகக் குழந்தை மறுக்கிறது. இரண்டாவது பிடிவாதம், "உப்ரியாம்ஸ்த்வா": வேண்டும் என்பதற்காக அல்ல, தான் கேட்டுவிட்டோம் என்பதற்காக விடாமல் நிற்கிறது. மூன்றாவது முரண்டு, "ஸ்த்ரப்தீவஸ்த்": இது குறிப்பிட்ட ஆளை நோக்கியது அல்ல, வளர்ப்பின் ஒழுங்குகள் முழுவதையும் நோக்கியது. முதலாவது ஓர் ஆளுக்கு எதிராக எழுகிறது, மூன்றாவது முகமில்லாத ஒழுங்குக்கு எதிராக. பிரெமின் கோட்பாடும் வீகோத்ஸ்கியின் பிரிவுகளும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாங்கின் 14 கூற்றுகளையும் வாசித்துப் பாருங்கள். சிலவற்றில் எதிரே ஓர் ஆள் நிற்கிறார்: அறிவுரை சொல்கிறார், வற்புறுத்துகிறார், தெரிந்ததையே சுட்டிக்காட்டுகிறார். சிலவற்றில் ஆளே இல்லை: விதிகள் இருக்கின்றன, தடை இருக்கிறது, சமூகத்தின் நியமங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை அந்த ஆளை அழகாக மறைத்துவிடுகிறது. ரஷ்ய மொழியில் அவர் எங்கே போகிறார்?

"ஏதாவது ஒன்று தடை செய்யப்படும்போது, அதைத்தான் செய்யப்போகிறேன் என்று பெரும்பாலும் நினைப்பேன்" என்று ஒரு கூற்று இருக்கிறது. இயல்பாகப் பேசும் ரஷ்யர் இதைச் செயப்பாட்டில் சொல்வதில்லை. எழுவாய் இல்லாமல், வினையைப் பன்மையில் வைத்து, "எனக்கு எதையாவது தடுக்கும்போது" என்பதுபோல் சொல்வார். தடுப்பவர்கள் "அவர்கள்". யார் அந்த அவர்கள்? இலக்கணம் சொல்லாது, கேட்பவரின் மனம் நிரப்பிக்கொள்ளும். பதினாறு வயதுப் பையன் பெற்றோரை நிரப்புவான், அலுவலக ஊழியர் மேலதிகாரியை, ஓய்வூதியக்காரர் அரசாங்கத்தை. திருப்பி மொழிபெயர்ப்பவர் இதே வாக்கியத்தை ஆங்கிலச் செயப்பாட்டுக்கே கொண்டுபோய்விடுவார். மூலத்தோடு அட்சரம் பிசகாமல் பொருந்தும். இடையில் நுழைந்த அந்த "அவர்கள்" உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள். உங்களிடம் இருக்கும் பொருத்தத்தை நான் நம்பாததற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். இத்தகைய தழுவல் ஒன்றில், முன்வரைவைச் சிலரிடம் கொடுத்து, வாசிக்கும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வரியின் கீழ் ஓட்டி, "விதிகள் என்னுள் எதிர்ப்பைத் தூண்டுகின்றன" என்ற கூற்றை வாசித்தார். "விதிகள்" என்பதற்கு நாங்கள் போட்டிருந்த சொல் "பிராவிலா". அவர் நிமிர்ந்து கேட்டார்: "எந்த விதிகள்? எழுத்திலக்கண விதிகளா, சாலை விதிகளா?" கேலி இல்லை, உண்மையான கேள்வி. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ரஷ்ய இலக்கணம் சொல்லிக்கொடுத்தவருக்கு "பிராவிலா" என்றால் முதலில் அதுதான். பிறகு பேனாவை எடுத்து "முற்றிலும் உடன்படவில்லை" என்பதில் குறியிட்டார். அவரை எதிர்ப்புந்துதல் குறைந்தவர் என்று எங்கள் கணக்கு பதிந்துகொண்டிருக்கும். பத்து நிமிடம் கழித்து, வீட்டுவசதி அலுவலகம் ஒட்டிச்சென்ற அறிவிப்பு ஒன்றைப் பற்றி அவர் கொதித்த கொதிப்பைக் கேட்டவர்கள் அந்தப் பதிவை நம்பியிருக்க மாட்டார்கள். அன்று மாலையே அந்தக் கூற்றை "எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு மேலிருந்து விதிக்கும்போது" என்ற பாங்கில் மாற்றி எழுதினோம். திருப்பி மொழிபெயர்த்தால் மூலத்தோடு பொருந்தாது. அளக்க வேண்டியதை அளக்கும்.

உணர்ச்சிச் சொற்களில் இன்னும் நிதானம் வேண்டும். முடிவுகளைச் சுதந்திரமாக எடுக்க இயலாதபோது "ஃபிரஸ்ட்ரேட்" ஆகிறேன் என்று ஒரு கூற்று இருக்கிறது. "ஃப்ருஸ்த்ராத்சியா" என்ற சொல் ரஷ்ய உளவியல் நூல்களில் தாராளமாகப் புழங்குகிறது, மளிகைக்கடை வரிசையில் புழங்குவதில்லை. பொதுச் சொல்லாக "ரஸ்த்ராய்வாயுஸ்" என்று போட்டால் அது மனம் வாடுவது, வருந்துவது. "ஸ்லியூஸ்" என்றால் நேரடிக் கோபம், ஆனால் கோபத்துக்கு ஏற்கெனவே வேறு கூற்று இருக்கிறது. வாட்டம் வேறு, எதிர்ப்பு வேறு: வாடியவர் கைகட்டி உட்கார்ந்துவிடுவார், எதிர்ப்புந்துதல் எழுந்தவர் கையை நீட்டுவார். நான் "எரிச்சல்" என்ற பக்கம் சாய்வேன். கோபத்துக்கான கூற்றோடு சற்று ஒன்றிப்போகும் என்ற விலையைக் கொடுத்தாலும் பரவாயில்லை.

"அபீதா" என்ற சொல்லிடம் தனியாகக் கவனம் வையுங்கள். தமிழில் மனத்தாங்கல் என்றால் கிட்டத்தட்ட சரியாக வரும்: நெருங்கியவர் நியாயமில்லாமல் நடந்துகொண்டார் என்ற வலி. வேறொருவரை உதாரணம் காட்டி "அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று சொல்லும்போது கோபம் வருகிறது என்பது ஹாங்கின் கூற்றுகளில் ஒன்று. ரஷ்ய மொழியில் இதற்கு அச்சில் வார்த்ததுபோல் ஒரு தொடர் உண்டு, "உதாரணமாக நிறுத்துவது" என்று. வகுப்பறை வாசனையோடு வரும் தொடர், எல்லோருக்கும் புரியும். ஆனால் அந்த நிலையில் ரஷ்யர் இயல்பாகச் சொல்வது "கோபம் வருகிறது" என்றல்ல, பெரும்பாலும் "அபீத்னா" என்றுதான். நல்ல மொழிபெயர்ப்பாளர் இயல்பு கருதி அதைப் போட ஆசைப்படுவார். போட்டால் கூற்று மாறிவிடும். மனத்தாங்கல் கொண்டவர் உறவைச் சரிசெய்யத் தவிக்கிறார், உரிமையை மீட்க அல்ல. தில்லார்டும் ஷென்னும் 2005இல் காட்டியபடி எதிர்ப்புந்துதல் என்பது கோபமும் எதிர்வாத எண்ணங்களும் பின்னிக் கிடக்கும் நிலை. அந்தப் பின்னலில் அபீதாவுக்கு இடம் உண்டா என்பது ரஷ்ய மொழிக்கே உரிய அசல் ஆய்வுக் கேள்வி. முடிந்தால் அதைத் தனிக் கூற்றாகச் சேர்த்து அளந்து பாருங்கள், ஹாங்கின் கூற்றுக்குள் கலந்துவிடாதீர்கள்.

இலக்கணப் பாலைப் பற்றிச் சுருக்கமாக. ரஷ்ய மொழியில் "நான் திருப்தியாக இருக்கிறேன்" என்று எழுதினால் எழுதுபவர் ஆணா பெண்ணா என்பது சொல்லின் ஈற்றிலேயே தெரிந்துவிடும். இறந்தகால வினையும் அப்படியே. அடைப்புக்குறிக்குள் இரண்டு ஈறுகளையும் அச்சிடும் வழக்கம் கண்ணை உறுத்துகிறது. நிகழ்கால வினையில் எழுதினால் தப்பிக்கலாம். நான்காம் வேற்றுமைக்குள் "எனக்கு" என்று ஒதுங்கியும் தப்பிக்கலாம். தமிழில் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதுபோல் ரஷ்யத்திலும் உணர்ச்சி என்னிடம் வந்து சேரும், நான் செய்பவனாக இருக்க மாட்டேன். ஆனால் "மற்றவர்கள் என்மேல் தாக்கம் செலுத்த முயல்வதை எதிர்க்கிறேன்" போன்ற கூற்றில் அந்த ஒதுக்கம் ஆகாது. அங்கே செய்பவர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அறிவுரை "இடையீடு" என்னும் கூற்றில் "வ்மிஷாதெல்ஸ்த்வா", அதாவது தலையிடுதல், போதும். "வ்தர்ஷேனியெ" என்றால் படையெடுப்பு, வேண்டாம்.

அடுத்து, சுதந்திரம் என்ற சொல்லே இரட்டையாக நிற்கிறது: ஸ்வபோதா, வோல்யா. ஸ்வபோதா உரிமைகள், தேர்வு, விடுதலை என்ற பக்கம் சாய்வது. வோல்யா ஒரே மூச்சில் மன உறுதியும் ஆகிறது, எல்லையில்லாத வெட்டவெளியும் ஆகிறது, சிறைக்கு வெளியே உள்ள உலகமும் ஆகிறது. "தேர்வுச் சுதந்திரம் கட்டுப்படுத்தப்படும்போது" என்ற கூற்றுக்கு ஸ்வபோதாதான் பொருந்தும். "என் சொந்த விருப்பப்படி நடக்கும்போது மட்டுமே நிறைவு" என்பதில் வோல்யா தானாக வந்து அமர்கிறது. அந்தக் கூற்றைக் கவனமாகப் பாருங்கள்: அதில் எதிர்ப்பே இல்லை, தன்னாட்சி மட்டும்தான் இருக்கிறது. 2003இல் சிர்கோவும் ரையனும் உடனிருந்தோரும் தென்கொரியா, ரஷ்யா, துருக்கி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் செய்த ஆய்வு, தன்னாட்சி வேறு, யாரையும் சாராமல் தனித்து நிற்பது வேறு என்று பிரித்துக் காட்டியது. உள்ளுக்குள் ஒத்துக்கொண்டு ஒரு விதியைப் பின்பற்றுபவரும் தன்னாட்சியோடுதான் நடக்கிறார். எதையும் எதிர்த்தே ஆகவேண்டும் என்பவர் ஒருவகையில் எதிரே நிற்பவரின் கையில்தான் இருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கூட்டும் கூற்றுகளிடம் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. 14ஐயும் பெயருங்கள், ஆனால் 11 கூற்றுகள் கொண்ட வடிவத்தைத் தனியாகவும் கணக்கிடுங்கள்.

இதுவரை சொன்னது சொல் பற்றியது. இனி, அந்தச் சொல் போய் விழும் மனிதர்கள். ரஷ்யாவில் அடிக்கடி கேட்கும் ஒரு வாசகம்: "நம் சட்டங்களின் கடுமையைத் தணிப்பது, அவற்றைப் பின்பற்றுவது கட்டாயமில்லை என்பதுதான்." இதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல் பிரெமின் நிபந்தனைகளோடு வைத்துப் பாருங்கள். அச்சுறுத்தல் உண்மையானது என்று தோன்றினால்தான் உந்துதல் எழும். விதியைச் சத்தமில்லாமல் சுற்றிப் போய்விடலாம் என்று நம்புபவருக்கு எதிர்க்க என்ன இருக்கிறது? தலையாட்டிவிட்டு வேறு வழியில் போவார், விதிகள் பற்றிய கூற்றில் குறைந்த எண்ணைக் குறிப்பார். மறுமுனையில், மாற்றவே முடியாது என்று தீர்ந்துபோன கட்டுப்பாட்டையும் மனம் எதிர்ப்பதில்லை, நியாயப்படுத்திக்கொள்கிறது. லாரின், கே, ஃபிட்ஸ்சிமன்ஸ் மூவரும் 2012இல் இதைச் சோதனையில் காட்டினார்கள்: விலக்கமுடியாத கட்டுப்பாடு என்றால் சமாதானம், தப்பிக்க இடமிருந்தால் எதிர்ப்பு. ஆகவே அரசு விதிகள் பற்றிய ஒரு கூற்றில் ரஷ்யர் குறைந்த மதிப்பெண் பெற்றால் அதற்கு மூன்று பொருள்கள் இருக்கலாம்: இயல்பிலேயே உந்துதல் குறைவு, விதியைப் பொருட்படுத்தவில்லை, விதியோடு சமாதானமாகிவிட்டார். நான்காவதும் உண்டு. உக்ரைன் போர் தீவிரமான 2022க்குப் பிறகு ரஷ்யாவுக்குள் இருக்கும் ஒருவர், யாரோ கொடுத்த தாளில் "விதிகள்", "எதிர்ப்பு" என்ற இரண்டு சொற்களை ஒரே வரியில் பார்த்தால் பேனாவை நிறுத்தி யோசிப்பார். அது அச்சம், ஆளுமைப் பண்பு அல்ல.

இதே காரணத்தால், சமூக நிகழ்வுகளை எடுத்துக்காட்டாகப் போடுவதிலும் நிதானம் வேண்டும். 1985 மே மாதத்தில் கோர்பச்சேவ் காலத்து மதுக்கட்டுப்பாடு வந்தபோது வீடுகளில் கள்ளச்சாராயம் காய்ச்சுவது பெருகி, கடைகளில் சர்க்கரையே கிடைக்காமல் போனது. தடைக்கு எழுந்த எதிர்ப்பு என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். குடிப்பழக்கம் உள்ளவருக்குச் சரக்கு கிடைக்காவிட்டால் தானே காய்ச்சுவார், அதற்கு எதிர்ப்புந்துதல் தேவையில்லை. 2021 ஜூனில் மாஸ்கோவில் சேவைத்துறை நிறுவனங்கள் ஊழியர்களில் 60 சதவீதம் பேருக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று ஆணை வந்தபோது எழுந்த முணுமுணுப்பிலும், ஆணைக்கு எதிரான உந்துதல் எவ்வளவு, மருந்தின் மேல் நம்பிக்கையின்மை எவ்வளவு என்று பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். நீங்கள் செய்யும் வேலையை நான் இவ்வளவு முக்கியமாக நினைப்பது இதனால்தான். சுகாதாரத்துறை அறிவிப்பு எழுதுபவருக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால், நம்பிக்கை இல்லாதவரிடம் போய் அதட்டுவார்.

விடைக்கட்டங்களுக்கு வருகிறேன். ஹாங் அளவுகோல் ஐந்து புள்ளி கொண்டது, கூற்றுகள் எல்லாம் ஒரே திசையில் பார்க்கின்றன. "ஆம்" என்றால் எதிர்ப்பு அதிகம். இதில் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. எதைக் கேட்டாலும் தலையாட்டும் பணிவானவர் எல்லாவற்றிலும் "உடன்படுகிறேன்" என்று போட்டுவிட்டு, எதிர்ப்புந்துதல் மிகுந்தவராகப் பட்டியலில் ஏறிவிடுவார். உண்மையிலேயே முரண்டு பிடிப்பவர், தாள் தன்னிடம் ஒரு விடையை எதிர்பார்க்கிறது என்று உணர்ந்த கணமே மறுபக்கம் சாய்வார், அல்லது தாளையே திருப்பிக் கொடுப்பார். திருப்பிக் கொடுத்தவர்களின் எண்ணிக்கையைத் தயவுசெய்து குறித்துவையுங்கள், இந்த ஆய்வில் அதுவும் தரவு. எதிர்த்திசைக் கூற்றுகள் சிலவற்றைச் சேர்க்கலாம், ஆனால் "இல்லை" போட்டு எழுதாதீர்கள். ரஷ்ய மொழியில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மறுப்புச் சொற்கள் சேர்ந்தே ஒரு மறுப்பைத் தரும். அதற்கு "உடன்படவில்லை" என்று விடை சொன்னால் என்ன பொருள் என்று வாசிப்பவர் குழம்புவார். "நல்ல அறிவுரை கிடைத்தால் மகிழ்கிறேன்" என்பதுபோல் நேர்முகமாக எழுதுங்கள். இன்னொன்று: ரஷ்யப் பள்ளிகளில் 5 என்றால் மிகச்சிறப்பு, 2 என்றால் தோல்வி, 1 அரிதிலும் அரிது. சிறுவயது முழுவதும் அந்த எண்களோடு வாழ்ந்தவர் கையில் வெறும் 1 முதல் 5 வரை எண்களைக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் சொற்களை எழுதுங்கள், எண்ணை விட்டுவிடுங்கள்.

ஆல்பாவைப் பற்றி ஒரே பத்தி போதும். ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே சொற்களில் 14 கூற்றுகள் இருந்தால் ஆல்பா உயராமல் இருப்பதுதான் அதிசயம். அமைப்பைச் சோதியுங்கள். ஹாங் நான்கு காரணிகளைச் சொன்னார்: தேர்வு குறுகும்போது எழும் உணர்ச்சி, பணிய வேண்டியிருப்பதற்கு எதிர்ப்பு, மற்றவர் தாக்கத்தை மறுத்தல், அறிவுரைக்கு எதிர்ப்பு. ஷென்னும் தில்லார்டும் 2005இல் நான்கின் மேல் ஒரு பொதுக் காரணி உண்டு, ஆகவே மொத்த மதிப்பெண்ணைக் கூட்டலாம் என்றார்கள். 2011இல் பிரவுன், ஃபின்னி, ஃபிரான்ஸ் மூவரும் பொதுக்காரணியும் தனிக்காரணிகளும் அருகருகே நிற்கும் இருகாரணி (பைஃபேக்டர்) மாதிரியால் ஆராய்ந்து, துணைமதிப்பெண்களைத் தனித்தனியாகப் பயன்படுத்துவதற்கு ஆதரவு குறைவு என்று காட்டினார்கள். உங்கள் தரவில் இந்த மூன்றையும் பொருத்திப் பாருங்கள். ரஷ்ய மொழியில் ஆள் நிற்கும் கூற்றுகளும் ஆள் இல்லாத கூற்றுகளும் தனித்தனியே திரளுமோ என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. வீகோத்ஸ்கி பிரித்த அதே கோட்டில். அப்படித் திரண்டால் உங்கள் ஆய்வேட்டின் மிக நல்ல பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

"ரஷ்ய மொழி பேசுவோர்" என்று எழுதியிருக்கிறீர்கள், "ரஷ்யர்" என்று எழுதவில்லை. அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். கஜகஸ்தானில் ரஷ்யம் பேசுபவர், லாத்வியாவில் பேசுபவர், 1990களில் இஸ்ரேலுக்குப் பெருந்திரளாகக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகள், பெர்லினில் வளர்ந்தவர்கள் என எல்லோருக்கும் மொழி ஒன்று, கட்டளை வரும் திசை வேறு. ஒரே ஊரின் உளவியல் மாணவர்களிடம் மட்டும் எடுத்த தரவை வைத்து இவர்கள் எல்லோருக்கும் அளவுகோல் செய்துவிட்டேன் என்று சொல்ல இயலாது. குறைந்தது இரண்டு நாடுகள், இரண்டு தலைமுறைகள். பிறகு அளவீட்டுச் சமனிலையை, அதாவது அளவுகோல் எல்லாக் குழுக்களிலும் ஒரே விதமாக அளக்கிறதா என்பதை, படிப்படியாகச் சோதியுங்கள்: அமைப்பு ஒன்றா, கூற்றுகளின் சுமை (காரணியோடு அவை பிணைந்திருக்கும் வலு) ஒன்றா, தொடக்கப்புள்ளி ஒன்றா. மூன்றாவது தேறாமல் இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடாதீர்கள். யோனாஸும் உடனிருந்தோரும் 2009இல் காட்டியது இங்கே நினைவில் இருக்கட்டும்: கூட்டு வாழ்வைப் பெரிதாக நினைப்பவர்களுக்குத் தன் ஒருவரின் சுதந்திரத்தைவிடத் தன் குழுவின் சுதந்திரம் மிரட்டப்படும்போதுதான் எதிர்ப்பு கூடுகிறது. ஹாங்கின் கூற்றுகளில் "நான்" மட்டுமே இருக்கிறது, "நாங்கள்" இல்லை.

கடைசியாக, ஏற்புடைமை: அளக்க வேண்டியதைத்தான் அளவுகோல் அளக்கிறதா என்பது. கோபப்படும் இயல்பை அளக்கும் அளவுகோலோடும் இணக்கப் பண்போடும் ஒட்டுறவு பார்ப்பது வழக்கம், பாருங்கள். இளையோரிடம் மதிப்பெண் சற்றுக் கூடுதலாக வரவேண்டும், ஹாங்கின் 1994 ஆய்வு அப்படித்தான் காட்டியது. ஆனால் தாளோடு தாளை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் மனிதரைப் பார்க்கவே மாட்டோம். ஒரு சிறு சோதனையாவது செய்யுங்கள்: ஒரே செய்தியை இரண்டு விதமாக எழுதி, ஒரு பாதியினருக்கு "நீங்கள் கட்டாயம் செய்தாக வேண்டும்" என்ற தொனியிலும், மறுபாதிக்கு முடிவை அவர்களிடமே விடும் தொனியிலும் கொடுங்கள். அளவுகோலில் உயர்ந்தவர்கள் முதல் வகையிடம் கூடுதலாக முறுக்கிக்கொண்டால் அளவுகோல் வேலை செய்கிறது.

இந்தச் சோதனையிலும் மொழி காலை வாரிவிடும். பிரான்சில் கெகெனும் பாஸ்காலும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பஸ் கட்டணத்துக்குச் சில்லறை கேட்கும் ஒருவர் "ஏற்கவோ மறுக்கவோ உங்களுக்குச் சுதந்திரம் உண்டு" என்று ஒரு வரி சேர்த்ததும், கொடுத்தவர்கள் 10 சதவீதத்திலிருந்து 47.5 சதவீதமாக உயர்ந்தார்கள். அந்த வரியை ரஷ்ய மொழியில் சொல்லுக்குச் சொல் வைத்து, "நீங்கள் சுதந்திரமானவர்" என்பதற்கு "வீ ஸ்வபோத்னி" என்று எழுதிப் பாருங்கள். அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் எதிரே நிற்பவரிடம் சொல்லும் வாசகம் அது: "நீங்கள் போகலாம்." விடுவிப்பதற்குப் பதிலாக அனுப்பிவிடும் சொல். "ரிஷாத் வாம்", முடிவு செய்வது நீங்கள், என்று எழுதினால் சரியாக இருக்கும்.

ஆகவே இப்போது கையில் இருக்கும் வரைவைப் புதிய மாணவர்களிடம் கொடுக்கவேண்டாம். பத்துப் பேரைப் பிடியுங்கள். வயதானவர் இருவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர், பட்டறையிலோ கடையிலோ வேலை பார்ப்பவர் இருவர், ரஷ்யாவுக்கு வெளியே வாழ்பவர் இருவர், மீதி யாராக இருந்தாலும் சரி. ஒவ்வொரு கூற்றையும் வாசித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் படித்தபோது யார் முகம் நினைவுக்கு வந்தது?" அவர்கள் சொல்லும் பெயர்களை, அம்மா, வகுப்பாசிரியர், மேலாளர், மாமியார், யாரும் இல்லை என்று, கூற்றுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள், நான் வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.